தேயாத லாடம்

வீட்டுக்கு யார் வந்தாலும் லாடக்காரர் முதலில் அவர்களுடைய செருப்பைத்தான் பார்ப்பார். பார்ப்பதோடு விடுவதில்லை. வாசலில் கழற்றிப் போட்டிருப்பதைக் குனிந்து எடுத்து, புரட்டி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவி, மறுபடி ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே இது நடந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் நம்மை என்னவென்று நினைப்பார்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒருமுறை பெரியப்பா வந்திருந்தார். ஒரு முட்டியில் வலி, இரண்டு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை, அதனால்தான் இவர்கள் வீடு மாற்றியபோது ஒத்தாசைக்கு வர முடியாமல் போனது என்று முக்கி முனகிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தெருமுனை தாண்டியதும் லாடக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஒரு கால்ல வலி இருக்கிறவன் செருப்பு ஒரு பக்கமாத்தான் தேயும். இவரோடது ரெண்டு குதிகாலும் ஒரே சீரா ஓட்டை விழப் போகுது. ஊர் நல்லாத்தான் சுத்துறாரு எங்க அண்ணன்." அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பந்தயக் குதிரைகளின் லாயத்தில் லாடம் அடிப்பது அவர் வேலை. தேய்ந்த லாடம் ஒன்றைக் கையில் கொடுத்தால், எந்தக் குதிரை, எந்தக் கால், தோளில் வலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர் மகள். உலோகங்களைப் பற்றிய படிப்பு. விண்ணப்பிக்கும்போது வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல், வீடு நிறைய இரும்பு கிடக்கிறதே என்று அதை எழுதினாள். விடுமுறைக்கு வந்தால் லாயத்துக்குப் போய் அப்பாவின் உலைக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்துகொள்வாள்.

அங்கே செம்பி என்று ஒரு பெண் குதிரை இருந்தது. செம்பு நிறம், அதனால் செம்பி. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பார். லாயத்தில் எல்லோருக்கும் அவர் ஒட்டடை. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வண்டியிலிருந்து செம்பி இறங்கிய அன்று கயிற்றைப் பிடித்தவர், அதற்கப்புறம் வேறு குதிரை பக்கம் போகவில்லை. லாடக்காரருக்கும் அவருக்கும் ஒரே வயது, வாடா போடா பழக்கம். மகளுக்கு அவர் மாமா.

செம்பி நன்றாக ஓடும். ஆனால் அதன் குளம்பின் ஓடு மெல்லியது. பந்தயக் குதிரைக்குக் காலில் கனம் கூடாது என்பதால் அலுமினிய லாடம்தான் அடிப்பார்கள். அலுமினியம் மென்மையானது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் குளம்பு தரையை விட்டுக் கிளம்புவது முனையை ஊன்றித்தான், ஆகவே லாடத்தின் முனை சீக்கிரமே காகிதமாகிவிடும். உடனே கழற்றிப் புதிது அடிக்க வேண்டும். புது லாடம் என்றால் புது ஆணி, புது ஓட்டை. செம்பியின் குளம்பு ஓரமெல்லாம் பொடிந்து கொட்டத் தொடங்கியிருந்தது.

"ஆணி அடிக்க இவ கால்ல இடமே இல்லடா," என்று ஒட்டடை ஒரு நாள் சொன்னார். "எம்மேல வேணா அடி. இவளுக்கு ஏதாவது வழி பண்ணு."

லாடக்காரர் வழி பண்ண உட்கார்ந்தார். அலுமினிய லாடத்தின் முனையில் பள்ளம் வெட்டி, அதில் நகத்தளவு எஃகுத் துண்டு ஒன்றைப் பதித்துவிட்டால் கனமும் கூடாது, தேயவும் தேயாது என்பது அவர் கணக்கு. துண்டு நிற்கவில்லை. நாலு நாள் நடையில் கழன்று பாதையில் விழுந்தது. பள்ளத்தை வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் வெட்டினார். அப்படி வெட்டியதில் துண்டைச் செலுத்த, அலுமினியத்தைச் சூடாக்கி இளக்க வேண்டியிருந்தது. அங்கேதான் சிக்கல். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் எதையும் காட்டாது. வெள்ளையாகவே இருந்து, இருந்தாற்போல் உலையில் கஞ்சியாகச் சரிந்துவிடும். ஒரு கூடை நிறைய லாடம் பாழானது.

மகள்தான் சோப்பைக் கொண்டுவந்தாள். கல்லூரிப் பட்டறையில் செய்வதைப் பார்த்திருந்தாள். அலுமினியத்தின்மேல் சோப்பைத் தேய்த்துவிட்டு அனலில் காட்டினால், சோப்புக் கறை கறுக்கும்போது பதம் வந்துவிட்டது, உடனே எடுத்துவிட வேண்டும்.

"காலேஜ்ல இதுவா சொல்லித் தர்றாங்க? நான் உன்னைக் குளிக்க வெக்க எவ்வளவு பாடுபட்டிருப்பேன்," என்றார் அவர். ஆனால் அன்று சாயங்காலமே துண்டு நின்றது. சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள், கல்லில் உரசிப் பார்த்தார்கள். அசையவில்லை.

செம்பிக்கு அதை அடித்தார்கள். மகள் அளவுகோல் வைத்து முனையின் தடிமனை அளந்துகொண்டு கல்லூரிக்குப் போனாள். அடுத்த முறை வந்து அளந்தபோது, வழக்கமான லாடம் பாதியாகியிருக்கும் நேரத்தில் இது அப்படியே இருந்தது. தன் கையிலிருந்த அளவுகோல்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். அதே அளவு. லாடத்தைத்தான் அளந்தாள். அதே கையால் இன்னும் இரண்டு விரற்கடை மேலே தொட்டிருக்கலாம் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பந்தயத்தில் செம்பி முதலில் வந்தது. பயிற்சியாளர் லாடக்காரரின் தோளில் கைபோட்டு நின்றார். அதே லாடம் கேட்டு மற்ற லாயங்களிலிருந்தும் ஆள் வந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள், ஒட்டடை செம்பியின் முன்னங்காலை மடியில் வைத்து லாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, லாடக்காரர் சொன்னார்: "இங்க பாரு, இனிமே இது தேயுற வரைக்கும் நீ எங்கிட்ட வரவே கூடாது. வந்தே, உன்னைப் படுக்க வெச்சு லாடம் அடிச்சுருவேன்." அங்கே இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். வாளியில் உட்கார்ந்திருந்த மகள்தான் மற்ற இருவரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

ஒட்டடை வரவில்லை. வரக் கூடாது என்றதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். புதிய ஆணி இல்லை, ஓடு பொடியவில்லை, அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. லாடக்காரருக்கோ மற்ற லாயங்களின் வேலை கழுத்துவரை இருந்தது.

இரண்டு மூன்று மாதம் கழித்து வந்த அடுத்த பந்தயத்தன்று அப்பாவும் மகளும் வேலியோரம், வளைவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். குதிரைகள் கும்பலாக வந்தன. செம்பி வெளிப்பக்கமாக விலகி முன்னேறியது. அப்புறம் நடந்ததை அவள் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் வரும். கீழே எதையோ தவறவிட்டதுபோல் செம்பி தலையைத் தாழ்த்தியது. தேடுகிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் அதன் முதுகில் ஆள் இல்லை. ஜாக்கி மண்ணில் உருண்டு கிடந்தார். மற்ற குதிரைகள் அவரைச் சுற்றிப் பிரிந்து ஓடின. கத்திக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் வாயடைத்துப் போனதில், தூரத்தில் யாரோ பாட்டில் மூடியைத் திறந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

ஜாக்கிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். செம்பி ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. ஒட்டடை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். காலின் பின்பக்கத் தசைநாண் அறுந்துவிட்டது, இனி ஓடாது என்று கால்நடை மருத்துவர் சொன்னார்.

லாடக்காரர் குனிந்து அந்தக் காலை எடுத்து முட்டியிடுக்கில் வைத்தார். லாடம் புத்தம் புதிதாக இருந்தது. முனையில் எஃகு பளபளத்தது. அவர் கட்டைவிரல் லாடத்தைத் தடவி, அங்கிருந்து குளம்புக்கு ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. வெட்டாமல் விட்ட நகம் மாதிரி குளம்பு முன்னால் நீண்டு கிடந்தது. பின்னால் குதிகால் பக்கம் லாடத்தைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது. இத்தனை நீண்ட முனையோடு ஓடும் குதிரை, ஒவ்வொரு பாய்ச்சலிலும் காலைக் கிளப்ப அந்தத் தசைநாணைத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்று அது தாங்கவில்லை.

குளம்பு வளரும் என்பது அவருக்குத் தெரியாதா? பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எந்த லாயத்திலும் குளம்பைப் பார்த்து யாரும் லாடக்காரரைக் கூப்பிட்டதில்லை. லாடம் தேயும், கூப்பிடுவார்கள். பழையதைக் கழற்றும்போது வளர்ந்த குளம்பை அவர் சீவிவிடுவார், பிறகு புதிது அடிப்பார். இத்தனை காலமும் தேய்மானம்தான் மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த மணியைத்தான் அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து நிறுத்தியிருந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் பயிற்சியாளர் அறையில் விசாரணை. கதவு திறந்தே இருந்தது. அவள் தாழ்வாரத்தில் நின்றாள்.

கடைசியாக எப்போது குதிரையை லாடத்துக்குக் கொண்டுபோனாய் என்று ஒட்டடையிடம் கேட்டார்கள். கொண்டுபோகவில்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு, ஒட்டடை திரும்பி லாடக்காரரைப் பார்த்தார். வெறும் பார்வைதான், அதில் கோபம்கூட இல்லை. லாடக்காரர் தன் உள்ளங்கையில் இருந்த பழைய தீக்காயம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாடம் தேயலைங்க. அதான் கொண்டு போகலை," என்றார் ஒட்டடை.

"லாடம் தேயலைன்னா குளம்பு வளராதா? கண்ணை எங்கய்யா வெச்சிருந்தே?"

இதோ, இப்போது அப்பா வாயைத் திறப்பார் என்று மகள் காத்திருந்தாள். அவர் திறக்கவில்லை. தானே உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்றால் அவளுக்கும் கால் எழவில்லை. ஒட்டடையை அன்றே வேலையைவிட்டு நிறுத்தினார்கள். செம்பியைத் தடவிக்கொடுத்துவிட்டு வரக்கூட அவரை உள்ளே விடவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்டாள். "அப்பா, வர வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க."

"அவன் சொல்லியிருக்கலாமே," என்றார் அவர்.

தன் அப்பா பேசிய பேச்சா இது என்று அவளுக்கு நம்ப முடியவில்லை. செருப்பின் தேய்மானத்தை வைத்து அடுத்தவன் பொய்யைக் கண்டுபிடிக்கும் மனுஷர். பக்கத்தில் யாரோ முன்பின் தெரியாதவர் நடந்துவருவதுபோல் இருந்தது. சற்றுத் தள்ளி நடந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவர் லாயம் லாயமாகப் போய், தான் அடித்த எல்லா லாடங்களையும் கழற்றிக் குளம்பைச் சீவித் திரும்ப அடித்தார். அதோடு ஒரு வேலை செய்தார். குளம்பின் மேல்விளிம்பில், மயிர் முடிகிற இடத்தில், அரத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். குளம்பு வளர வளரக் கோடு கீழே இறங்கும். விரல் அகலம் இறங்கியதும், லாடம் எப்படி இருந்தாலும் குதிரையைக் கொண்டுவந்துவிட வேண்டும். நல்ல யோசனை என்று எல்லோரும் மெச்சினார்கள். எஃகு முனை லாடமும் கோடும் சேர்ந்தே புழக்கத்துக்கு வந்தன. இந்தக் கோடு எதனால் வந்தது என்று மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை.

ஒட்டடைக்கு ஒரு சரக்குக் கிடங்கில் வாசல் காவல் வேலை கிடைத்தது. லாடக்காரர் அவ்வப்போது அந்தத் தெருப்பக்கம் போய்வந்தார். "பாத்தீங்களா?" என்று அம்மா கேட்பாள். "கேட் சாத்தியிருந்துச்சு," என்பார். பட்டப்பகலில் எந்தக் கிடங்கின் கேட் சாத்தியிருக்கும் என்று அம்மா கேட்டதில்லை. பயிற்சியாளரிடம் போய் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மகள் இரண்டொரு முறை ஆரம்பித்தாள். சொல்றேன், சொல்றேன் என்பார். சாக்குச் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே நாளைக்குச் சொல்லிவிடுவார் என்றுதான் ஒவ்வொரு முறையும் நம்பினாள்.

ஒரு நாள் காலையில், அரத்தைக் கையில் பிடித்தபடியே அவர் சரிந்துவிட்டார் என்று லாயத்திலிருந்து ஆள் வந்தது. முந்தின இரவு நன்றாகச் சாப்பிட்டிருந்தார். தலைவலி என்றுகூடச் சொன்னதில்லை.

வீடு நிறைய ஆட்கள். வாசல் நிறைய செருப்புகள். பயிற்சியாளர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, அப்படி ஒரு கைதேர்ந்த ஆளை இனிமேல் பார்க்க முடியாது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டடை வந்தார். உள்ளே போய் லாடக்காரரின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார். மகள் வாசலில் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எப்போது குனிந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வலது செருப்பு முனை மட்டும் தேய்ந்து பிளந்திருந்தது. நாள் முழுக்கக் கேட்டைக் காலால் நெட்டித் திறக்கிறவர்.

"அப்பா கடைசியா எதுவும் சொன்னாராம்மா?"

"சொல்லணும்னுதான் இருந்தாரு மாமா."

"எங்கிட்ட சொல்ல என்ன இருக்கு? எனக்குத் தெரியாததா?" அவர் உள்ளே, நாற்காலியின் பக்கம் தாடையைக் காட்டினார். "அவர்கிட்ட சொல்லியிருக்கணும். லாயத்துல இன்னிக்கும் நான் செம்பி காலை ஒடிச்சவன்தான்."

அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

அவள் நேரே உள்ளே போய்ப் பயிற்சியாளர் முன்னால் நின்றாள். தேயும்வரை வராதே என்று சொன்னது அப்பா, நான் பக்கத்தில் இருந்தேன், மாமாமேல் தப்பில்லை என்று தெளிவாக, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். அவர் எழுந்து அவள் தலையில் கை வைத்தார்.

"துக்கத்துல என்னென்னவோ தோணும்மா. அப்படி இருந்திருந்தா உங்கப்பா அன்னிக்கே சொல்லியிருப்பாரே. அவரு பொய் சொல்ற ஆளா?"

அவள் அவரைத் தாண்டி அப்பாவைப் பார்த்தாள்.