உள்கம்பி இல்லாமல் இழுத்த குழாய்கள்

மலாக்காவில் காஜா பேராங் என்ற இடத்தில் நான் வேலை பார்த்தது பித்தளைக் குழாய் இழுக்கும் பட்டறை. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். ஒரு திங்கட்கிழமை காலை, ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் எங்கள் குழாய்கள் இருபத்து நான்கையும் மேசையில் கொட்டினார். மருந்து தெளிக்கும் பம்புக்காக நாங்கள் செய்து கொடுத்தவை.

“பிஸ்டன் உள்ள போகவே மாட்டேங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள மருந்து அடிக்கலேன்னா தொரை என் சீட்டக் கிழிச்சிருவாரு,” என்றார்.

முதலாளி காதர் காலிப்பரை என்னிடம் நீட்டினார். அளந்தேன். வெளி விட்டம் மயிரிழை பிசகவில்லை.

“அளவு சரியா இருக்கு முதலாளி. பிஸ்டன்தான் பெருசு,” என்றேன் தெம்பாக.

என்னோடு வேலை செய்த பிள்ளை என்பவர் மலாக்கா செட்டி; தமிழ் வம்சம்தான், ஆனால் மலாயில்தான் பேசுவார். ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்து, அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

“லுவார் பெத்துல். டாலாம் கெச்சில்,” என்றார். வெளியே சரி, உள்ளே சிறிது.

காரணம் எனக்குத் தெரியும்.

குழாயை டை என்கிற அச்சுத் துளை வழியே இழுக்கும்போது, அதற்குள் எஃகுக் கம்பி ஒன்று இருக்கவேண்டும். டை வெளி விட்டத்தைப் பிடிக்கும். உள்கம்பி உள் விட்டத்தைப் பிடிக்கும். இந்தக் குழாய்களை இழுத்த வாரம், கம்பி வழுக்கி ஓடப் பூசும் சோப்பை நான் தண்ணியாகக் கரைத்திருந்தேன். கம்பி சிக்கிக்கொண்டே இருந்தது. கடைசி இழுப்புக்குக் கம்பியே வேண்டாமென்று எடுத்துவிட்டேன். வேலை மளமளவென்று ஓடியது. ஆனால் தடுக்க ஆளில்லாத பித்தளை உள்பக்கமாகத் தடித்துவிட்டது. குழாய் வழக்கமான அளவு நீளவும் இல்லை. அதனால் வெட்டி எறியும் நுனித் துண்டும் குறைந்தது. “வீண் கொறைஞ்சிருக்கு பாருங்க” என்று முதலாளியிடம் பெருமை வேறு பேசியிருந்தேன்.

கிராணியை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சிரித்துவிட்டார்.

“வீண் கொறைஞ்ச லட்சணம் இதுதானா? போ, சோப்பக் கெட்டியாக் கரை.”

புதிதாக இருபத்து நான்கு குழாய் இழுத்தோம். பிள்ளை கம்பியைச் செருகினார். நான் இழுவைச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். ஒவ்வொன்றிலும் கிராணி கொடுத்துப்போன பிஸ்டனையே விட்டுப் பார்த்தோம். புதன்கிழமை அவர் வந்து தாமே ஒன்றைத் தள்ளினார். புஸ்ஸென்று காற்று வந்தது. நம்பிக்கை வராதவர்போல இன்னும் ஏழெட்டு முறை தள்ளி, சிரித்துக்கொண்டே மூட்டை கட்டினார்.

தடித்த குழாய்களும் வீணாகவில்லை. சூடு காட்டி இளக்கி, சின்ன டையிலும் சின்னக் கம்பியிலும் இழுத்து, சைக்கிள் பம்புக்குக் கொடுத்தோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோப்பு, வேகம், கம்பி, எதை மாற்றினாலும் முதல் குழாயை உள்ளும் வெளியும் அளந்த பிறகே இரண்டாவதை இழுங்கள். வேலை வழக்கத்தைவிட நன்றாக ஓடுகிற நாளில் இன்னொரு முறை அளங்கள்.