கூரையில் புகை இல்லாத ஞாயிறு

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அப்பா அதன் அடியிலும் நாலு பக்கமும் பழைய சாக்கைத் திணித்து, நடுவில் பானை உட்காரும் அளவுக்குக் குழி விட்டிருந்தார். சோறு பாதி வெந்ததும் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கி அந்தக் குழிக்குள் இறக்குவார். நான் சின்ன வயதில் போட்டுக் கிழித்த கம்பளிச் சட்டைகளை ஒன்றாகத் தைத்து ஒரு சின்ன மெத்தை செய்திருந்தார். அதை மேலே வைத்து அழுத்தி மூடுவார். மூடிய கையோடு அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவார். மிச்சத்தைச் சோறு தன் சூட்டிலேயே வேகவைத்துக்கொள்ளும். வெந்துவிட்டதா பார்ப்போம் என்று நான் மெத்தையைத் தூக்கப் போனால், "எடு கைய, அது தூங்குது" என்பார்.

டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்து விடுவது. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இதன் கணக்கு தெரியும். கவ்வாத்துக்காரர்களுக்குப் பேசிய அளவு முடிந்தால் மதியத்தோடு வீடு. பெண்கள் மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் மலையிலிருந்து இறங்க முடியும். இடையில் இருக்கும் அந்த நேரத்தை லயத்து ஆண்கள் பலரும் பேச்சிலும் சீட்டிலும் கழித்தார்கள், சிலர் வேறு வழியிலும் கழித்தார்கள். அப்பா சமைத்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் பெரிய விளக்கம் எதுவும் கொடுத்ததில்லை. "நான் வெள்ளனவே வந்துர்றேன். அவ வர இருட்டிப் போகுது. அது வரைக்கும் இஸ்தோப்புல ஒக்காந்து மழையவா எண்ணிக்கிட்டு இருக்கிறது?" என்பார். இஸ்தோப்பு என்பது லயத்து அறைக்கு முன்னால் இருக்கும் சிறிய முகப்பு. எங்கள் லயத்தில் அப்பாவைத் தவிர எல்லா ஆண்களும் அங்கேதான் இருந்தார்கள்.

அவர் சமையலைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு அதில் அசாத்தியத் தலைக்கனம். எதையும் வீசக்கூடாது என்பது அவருடைய சட்டம், அதை மீறியவர்கள் அன்று முழுக்கத் திட்டு வாங்குவார்கள். பீட்ரூட் சமைத்தால் அதன் இலை தேங்காய்ப்பூ போட்டு வதக்கிய சுண்டலாக வரும். பூசணித் தோல் துவையலாகும். கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸின் நடுத்தண்டைப் பொடியாக அரிந்து பருப்போடு கூட்டு வைப்பார். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைச் செத்தல் மிளகாயோடு வறுத்து அரைத்தால் ரொட்டிக்குச் சம்பல் தயார். சாயம் வடித்த தேயிலைத் தூள் லீக்ஸ் பாத்திக்குப் போகும். சாம்பலில் பாதி பாத்திரம் துலக்க, பாதி உருளைக்கிழங்குப் பாத்திக்கு. கவ்வாத்து வெட்டிய கிளைகளை நாங்கள் மிலாறு என்போம். அதை எல்லோரும்தான் விறகுக்குத் தூக்கி வந்தார்கள். ஆனால் மழைக்காலம் முடியும்போது காய்ந்த மிலாறு மிச்சம் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். லயத்தில் அவரைக் கருமி என்றார்கள். அவர் காது கொடுத்ததே இல்லை. கருமி என்று சொன்ன வீடுகளிலிருந்து மழை நாளில் மிலாறு கேட்டுப் பிள்ளைகள் வரும்போது ஒரு கட்டு கொடுத்து, "வெறக வாரி எறைக்காம சமைக்கச் சொல்லு ஒங்கம்மாவ" என்று கூடவே ஒரு குத்தலையும் கட்டி அனுப்புவார்.

பிற்பாடு கேஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில், நான் ஹட்டனில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அக்கம்பக்கத்தார் வெறும் சிலிண்டரைப் பார்த்துத் தலையில் கை வைத்திருந்தபோது எங்கள் வீட்டில் அதே மாதிரி ஒரு பெட்டி சாக்கோடு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துப் போகவே ஆட்கள் வந்தார்கள். போனில் அப்பாவிடம் சொன்னேன். "நம்ம லயத்துக்கு வரச் சொல்லு, டிக்கெட் போட்டுக் காட்டுறேன்" என்று சிரித்தார். இப்போது அவர் இல்லை. அவரை நினைத்து நான் அழுவது குறைவு, சிரிப்பதுதான் அதிகம். ஆனால் அவர் மேல் எனக்குக் கொலைவெறி வந்த நாள் ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை அது. வந்தவர் முன்பின் தெரியாதவர் இல்லை. ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்தார். நான் பள்ளி வேலை முடிந்து தினமும் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரில் அந்தக் கடை. எனக்கு அவர்தான் வேண்டும், அவருக்கு நான்தான் வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் முடிவாகி நாளாகிவிட்டது. மிச்சம் இருந்தது பெரியவர்களின் சம்மதம் ஒன்றுதான். அவருடைய வீடு கொத்மலைப் பக்கத்தில். அப்பா இல்லாத பிள்ளை, பெரியப்பாவின் சொல்லுக்குத்தான் அந்த வீட்டில் மதிப்பு. பெரியப்பாவுக்கு இந்தப் பேச்சு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் வருகிறார் என்று மாப்பிள்ளையே என்னிடம் எச்சரித்திருந்தார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிடுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். ஆனாலும் பெண் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். நீங்கள் சரி சொல்வீர்கள் என்று நம்பி உலை வைத்திருக்கிறோம் என்று வருகிறவர்களுக்குக் காட்டும் மரியாதை அது. அதனால் அம்மா விடிந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அடுப்ப எரிய விடுங்க. அவுங்க வந்து ஒக்காருற வரைக்குமாவது எரியட்டும்."

"வெந்த சோத்துக்கு எதுக்குடி நெருப்பு?"

"பாக்குறவுங்க என்ன நெனைப்பாங்க?"

"பசிச்சா நெனைக்க நேரம் இருக்காது" என்றார் அப்பா. சோற்றுப் பானையைப் பெட்டிக்குள் இறக்கினார். பருப்பை இன்னொரு சாக்குப் பொதிக்குள் வைத்தார். கோழி வாங்கலாம் என்ற அம்மாவின் யோசனை முந்தைய நாளே தள்ளுபடியாகியிருந்தது. பாத்தியில் இருந்ததுதான் சமையல். எல்லாம் முடிந்ததும் வழக்கம் போல விறகை இழுத்து அணைத்து, கரியைத் தனியே பொறுக்கிவைத்தார். நான் சேலை கட்டிக்கொண்டே கெஞ்சினேன். கேட்கவில்லை.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா மூன்று பேரும் ரோட்டிலிருந்து படிக்கட்டில் இறங்கி வந்தார்கள். மழைத் தூறல். லயத்தில் எல்லா வீட்டுக் கூரையிலிருந்தும் புகை எழும்பியது, எங்கள் வீட்டைத் தவிர. பெரியப்பா படியில் நின்று கூரையைப் பார்த்ததை நான் ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவோரம் நின்றேன். பெரியப்பா முறுக்கைத் தொடவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"நாங்க வர்றது தெரியும்தானேங்க? அடுப்பே பத்த வைக்கலையே. நல்ல காரியம் பேச வந்த எடத்துல அடுப்பு அணஞ்சு கெடக்குது."

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அப்பா சந்தோஷமாக எழும்பி, பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கே வந்துவிட்டார். மெத்தையைத் தூக்கினார். ஆவி குப்பென்று மேலே வந்தது. பெட்டி எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு விறகு மிச்சம், சோறு ஏன் அடிப்பிடிக்காது என்று ஒரு பிரசங்கமே வைத்தார். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெறகையே இப்புடிப் பாத்துப் பாத்துச் செலவழிக்கிற மனுசன் பொண்ணுக்கு என்னத்தச் செய்யப் போறீங்க?" என்றார். பிறகு, "யாரு சமைச்சது, பொண்ணா?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்க, நீங்களா?"

அப்பாவின் பார்வை மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. அப்பாவின் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

"தம்பி, எம் மக வேல முடிஞ்சு வர்ற நேரம் ஒங்க வீட்டுல சோறு இருக்குமா?"

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையைக் கேட்கும் கேள்வியா அது! என் வாழ்க்கையை ஒரு பானைச் சோற்றுக்காக இந்த மனிதர் கெடுத்துவிட்டார் என்று உள்ளே நின்று பல்லைக் கடித்தேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"எனக்குத் தேத்தண்ணி மட்டுந்தான் போடத் தெரியும் மாமா. மத்தத இனிமேத்தான் பழகணும்."

பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாங்க போவோம். பதில் சொல்லி அனுப்புறோம்" என்றார். அப்படிச் சொல்லிப் போன இடங்களிலிருந்து பதில் வந்ததில்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையும் எழும்பினார், உட்கார்ந்தார், மறுபடி எழும்பினார். அவருடைய அம்மா மட்டும் எழும்பவில்லை.

அந்த அம்மாவும் கொழுந்து பறிக்கிறவர்தான். சாயம் ஏறிக் கறுத்த விரல்கள் என் அம்மாவுடையதைப் போலவே இருந்தன. திறந்து கிடந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர் அம்மாவிடம் கேட்டார்.

"மதினி, நெசமாவா? நீங்க கொழுந்து நிறுத்துட்டு வரும்போது சோறு ஆக்கி இருக்குமா?"

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். காலையிலிருந்து அவர்மேல் இருந்த கோபம் அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. ஆனாலும் அம்மா பொய் சொல்லத் தெரியாதவர்.

"இருக்கும் மதினி. நான் கூடைய எறக்கி வச்சிட்டு மூஞ்சி கழுவுனா போதும். சூடா இருக்கும்."

"தெனமுமா?"

"கல்யாணம் கட்டுனதுலேருந்து."

பெரியப்பா படியில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அத்தான், நீங்க பஸ்ஸப் புடிக்கிறதுன்னா புடிங்க. அண்ணே, எலயப் போடுங்க. நான் கை நனைச்சிட்டுத்தான் போறேன்."

அப்பா தன் பெருமையெல்லாம் மறந்து இலையைத் தேடி ஓடினார். நான்தான் பரிமாறினேன். சோறு விழுந்ததும் அந்த அம்மா உடனே பிசையவில்லை. விரல்களை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "நம்ம வீட்டுல எல்லாருக்கும் போட்டுட்டு ஒக்காரும்போது இப்புடி ஆவி பறந்ததே இல்ல மதினி" என்றார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெரியப்பாவும் கடைசியில் திரும்பி வந்தார். பூசணித் தோல் என்று தெரியாமல் துவையலைக் கேட்டுக் கேட்டு வாங்கினார், நாங்களும் சொல்லவில்லை.

இப்போது என் மாமியார் ஹட்டனில் எங்களோடு இருக்கிறார். அவருடைய மகன், என் கணவர், கடையைப் பூட்டிவிட்டு வந்து சமைக்கிறார். ருசியில் அப்பாவை எட்ட முடியாது, உப்பு எப்போதும் ஒரு கை கூடத்தான். ஆவி பறக்கும் முதல் தட்டை அவர் தன் அம்மாவுக்கு வைக்கிறார். அந்த நேரத்தில் போன் அடித்தாலும், வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும், என் மாமியார் தட்டை விட்டு எழும்ப மாட்டார்.