கோட்டை வைத்தியர் கட்டிய பட்டு நூல்

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் இருந்த டச்சு வைத்தியரிடம், நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவைப் படகில் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். வைத்தியர் ஒல்லியானவர், வெயிலில் சிவந்த முகம். நோயாளியைத் தொடுமுன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

நைனாவுக்குப் பல மாதமாக மலத்தோடு ரத்தம் போனது. முக்கும்போது குடலிலிருந்து ஒரு கட்டி மலவாய் வழியே வெளியே வந்துவிட்டு உள்ளே போகும். புற்றுதான் என்று குப்பத்தில் முடிவுகட்டிவிட்டார்கள்.

வைத்தியர் கட்டியை விரலால் மெல்ல உருட்டிப் பார்த்தார்.

"மெத்துன்னு இருக்குது, காம்பும் இருக்குது. கெட்ட கட்டி இல்லைனு நெனைக்கிறேன்," என்று எங்கள் பேச்சிலேயே சொன்னார். காம்பைப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டினார். "இனிமே அதுவா வாடி விழுந்துடும்."

"விழலைன்னா இன்னா ஆவும், தொர?" என்று கேட்டேன். அவர் நூலின் மிச்ச நுனியைக் கத்தரித்தார்.

நைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் தினமும் எங்கள் குடிசைக்கு வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். ஒரு காலையில் கட்டி விழுந்தது. அவர் அதைக் கத்தியால் பிளந்தார். உள்ளே வெறும் மஞ்சள் கொழுப்பு. ரத்தமும் நின்றுவிட்டது.

"இதுக்கு முன்னாடி யாருக்குனா இப்படிக் கட்டியிருக்கீங்களா?" என்று நைனா கேட்டார்.

"கப்பல்ல ஒருத்தருக்கு. நூல்ல குடலும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. அவரு பொழைக்கல."

நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைத்தியர் இதை முன்பே சொல்லியிருந்தால் நைனாவைத் திருப்பிக் கூட்டிவந்திருப்பேன். ரத்தம் போய்ப் போயே செத்திருப்பார். ஆனாலும் அந்த மனிதர் சொல்லாமல் விட்டது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.