மண்டையோட்டுக்குச் சந்தனப் பொட்டு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு தீர்மானம் எடுத்தேன். எனக்குக் கல்யாணமாகும் முன்பே ஓய்ந்துபோன சுவீடன் டெத் மெட்டல் இசைக்குழு, இன்று புதிய ஆல்பத்துடன் திரும்பி வந்திருக்கிறது. அதைத் தொலைபேசியில் கேட்பதில்லை. முதல் தடவை இசைத்தட்டில்தான்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு, கடை திறந்த உடனேயே வாங்கினேன். வீடு இருக்கும் லாசாலுக்குத் திரும்பும் பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டே வந்ததில், பக்கத்தில் இருந்த பெண் எழுந்து இடம் மாறினார்.

வீட்டில் மனைவி மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமை, இப்ப ராகுகாலமெல்லே. புதுச் சாமானைத் தொடங்கக்கூடாது. பன்னிரண்டுக்குப் பேந்து போடுங்கோ."

"இது சாவையும் நரகத்தையும் பற்றின பாட்டப்பா. இதுக்கு ராகுகாலந்தான் பொருத்தம்."

"அவை என்னத்தையும் பாடட்டும். பிளேயர் எங்கடதெல்லே."

தட்டின் அட்டையிலிருந்த மண்டையோட்டின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, பிள்ளையாருக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். பொட்டு எடுப்பாகத்தான் இருந்தது. பிள்ளையாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு மணிக்கு எனக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் வேலை. பதினொன்றரைக்கே வீட்டைவிட்டு இறங்கினேன்.

பன்னிரண்டேகால் தாண்டியதும், மெற்றோ ரயிலில் இருந்த எனக்கு மனைவியின் குறுஞ்செய்தி வந்தது: "மூண்டாவது பாட்டு நல்லாயிருக்கு."