கழுகுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து

எங்கள் சித்தியின் கல்யாணம் ஒரு செல்லாக்காசின் கையில் இருந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷம், எனக்கு எட்டு வயது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் எங்கள் ஊர். பின்பக்கம் ஓர் அறை கட்ட அப்பா பாலாற்று மணல் இறக்கியிருந்தார். அதில் விளையாடியபோது அந்தக் காசு என் விரலில் தட்டுப்பட்டது. ஒரு ரூபாய் அளவுதான், ஆனால் இரண்டு மடங்கு கனம். ஒரு பக்கம் யாரோ ஒரு ராஜாவின் தலை, மறுபக்கம் கழுகு. அம்மா கருடன் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சித்தி மட்டும் அதை வாங்கித் தாவணியில் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் தங்கையான அவள் சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். அவளுக்கு மேலே ஆராய்ச்சி செய்ய ஆசை. அம்மாவுக்கு வாலாஜாபாத் மாப்பிள்ளைமேல் ஆசை. மறுநாளே பஸ் ஏறிச் சென்னைக்குப் போனவள், தன் பேராசிரியரிடமிருந்து செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தோடு திரும்பினாள். அதில் பழைய ரோமானியக் காசுகளின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எங்கள் காசு எந்த எண் என்று கண்டுபிடித்துவிட்டால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டும்.

"ஒரு செல்லாக்காசுக்கு இம்மாம் பெரிய புஸ்தகமாடி?" என்றாள் அம்மா.

மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வந்த அப்பா சிரித்தார். "திங்கக்கெழமைக்குள்ள காசு பேசலன்னா மாப்ள வூட்டுக்காரங்க பேசுவாங்க."

நானும் சித்தியும் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினோம். ரோமிலேயே அடித்த காசில் இங்கிலீஷ் மாதிரி எழுத்து இருக்குமாம். எங்கள் காசில் கிரேக்க எழுத்து, அதனால் அது தூரத்து மாகாணம் ஒன்றில் அடித்தது. பாதிப் புத்தகம் தள்ளுபடி ஆனது. எங்கள் ராஜா வலப்பக்கம் பார்த்தார், அதனால் இடப்பக்கம் பார்த்தவர்களையெல்லாம் கழித்தோம். சனிக்கிழமை மத்தியானம் ஆள் அகப்பட்டார். அதே மூக்கு, அதே கழுகு, எகிப்தில் அடித்தது. ஆனால் அதே மாதிரி ஐந்து படங்கள், ஐந்து எண்கள். கழுகுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் எழுத்துதான் எந்த வருஷத்துக் காசு என்று சொல்லும். எங்கள் காசில் அந்த எழுத்து மட்டும் தேய்ந்திருந்தது.

சித்தி வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "தடம் இருக்குது. என் கண்ணுக்குத்தான் எட்டல. சார் லென்ஸ் வச்சிப் பாத்தா படிச்சிடுவார்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்து தேய்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குடத்திலும் அண்டாவிலும் பேர் மங்கிவிட்டால் அம்மா வாலாஜாபாத் பாத்திரக்கடைக்கு எடுத்துப்போய்த் திரும்ப வெட்டிக்கொண்டு வருவாள். பேர் இல்லாத பாத்திரம் கல்யாண வீட்டுக்கு இரவல் போனால் திரும்பி வராது. காசுக்கும் அதே நியாயம்தானே? ஞாயிற்றுக்கிழமை சித்தி தலைக்குக் குளிக்கப் போன நேரம், அப்பாவின் ஆணி டப்பாவைத் திறந்தேன். ஐந்து எழுத்துகளில் முக்கோணம்தான் சுலபம், மூன்றே கோடு. படத்தைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தேய்ந்த தடத்தின் மேலேயே அழுத்தி வெட்டினேன்.

சித்தி ஈரத்தலையோடு வந்து காசை எடுத்தாள். கறுத்த காசில் முக்கோணம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"யாருடி பண்ணது?"

"நான்தான் சித்தி. பேர் தேஞ்சா வெட்டிக்கணும்ல?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பாவாடை நனைந்தது. பிறகு என் கையை இழுத்து விரித்துப் பார்த்தாள். கட்டைவிரலில் ஆணி குத்தி ரத்தம் கட்டியிருந்தது. அதை ஊதிவிட்டாள்.

"வலிக்குதா? நீ வெட்டுனன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

கண்டுபிடித்த பெருமை தனக்கே வேண்டும் என்று நினைக்கிறாள் போலும் என்று எண்ணினேன். போனால் போகிறது என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை போனவள் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தாள். "சாராலயும் படிக்க முடியலக்கா. ரொம்பத் தேஞ்சிபோச்சாம்," என்றாள் அம்மாவிடம். தை மாதம் வாலாஜாபாத்தில் கல்யாணம்.

கல்யாணத்தன்று காலை, கூரைப்புடவை கட்டுவதற்கு முன்னால், சித்தியேதான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். அத்தனை மாதம் அடக்கிவைத்திருந்த கோபத்தை அப்போதுதான் கொட்டினேன்.

"நான் அவ்ளோ அழுத்தி வெட்டியும் படிக்கத் தெரியலன்னா, அவுரு இன்னா வாத்தியாரு சித்தி?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு சித்தி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழியும்வரை, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏதோ சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.