வெள்ளையடித்த கற்கள்

போர் முடிந்தபின், நறுவிலிக்குளத்துப் பழைய நெற்களஞ்சியத்தைத் திருத்தி வாசிகசாலையாக்கும் பொறுப்பு, மன்னார் நகரத்திலிருந்து போய்வந்த என்னிடம் இருந்தது. திறப்புவிழாவுக்கு முதல்நாள், சுவருக்குக் கரைத்த சுண்ணாம்பு மிஞ்சியது. பின்வளவில் வரிசையாகக் கிடந்த நிறம் மங்கிய கற்களுக்கும் அழகுக்காகப் பூசிவிட்டேன்.

மாலையில், என்னோடு வந்திருந்த என் மகள் தோரணத்துக்குத் தடி முறிக்க அந்த வரிசையைத் தாண்டிப் போனாள்.

"நில்லு பிள்ளை, அசையாத!" என்று கூலிக்கு வந்திருந்த செல்வமக்கா கத்தினார். "என்ன சேர் செய்தனீங்கள்? அது சிவப்புக் கல்லெல்லோ! அங்கால இன்னும் கண்ணிவெடி எடுக்கேல்ல."

மகள் தன் காலடித் தடங்களிலேயே மிதித்துத் திரும்பி வந்தாள்.

"வெள்ளைக் கல்லெண்டா பயமில்லாமப் போகலாம் எண்டுதானே, அப்பா, பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை?"

அன்றே கற்களுக்குச் சிவப்புப் பூசினேன். அவை எதற்கு என்று முதலிலேயே ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.