எம். புதுப்பட்டி பஸ்ஸும் கடைசிக் காட்சியும்

'தை மாதம், ஞாயிறு. சிவகாசி, மாலைக் காட்சி. அக்காவுடன். படம் சுமார்; முடிவு நன்று.'

பள்ளி இறுதி வகுப்பில் நான் எழுதிய குறிப்பு இது. ஆண்டு போட மறந்திருக்கிறேன். ஆனால் அக்கா கணவர் வீட்டிலிருந்து எம். புதுப்பட்டிக்குத் திரும்பி வந்த ஐப்பசிக்கு அடுத்த தை அது என்பதில் சந்தேகமில்லை. அந்த மாசியில் அத்தான் வீட்டார் அழைக்க வந்தபோது அவள் போகவில்லை. பிறகு போகவே இல்லை. டீச்சர் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள்.

அந்தப் படத்தைத்தான் இப்போது மறுபடி எடுத்திருக்கிறார்கள். சென்ற சனிக்கிழமை விருதுநகரில் காலைக் காட்சியில் இருவரும் பார்த்தோம். கணவனைப் பிரிந்த பெண், கடைசியில் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கதவைத் தட்டுகிறாள். உள்ளே போகிறாள்.

வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"ஏலே, பழசுல அவ வாசலோட திரும்பிட்டால்ல?"

"திரும்பின மாதிரிதான் ஞாபகம்க்கா."

"மாதிரியா? பஸ் டிக்கெட்டுக்கெல்லாம் தேதி எழுதி வைக்கிறவன், இதுக்கு மட்டும் மாதிரிங்கே!"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து விருதுநகரில் தனியாகக் கிடக்கும் அத்தான், அந்த வாரம் போன் செய்திருந்தார். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக இவள் சொல்லியிருந்தாள்.

"அன்னைக்கு அவளப் பாத்துத்தாம்லே எனக்குத் தைரியம் வந்துச்சு. அவளே உள்ள போயிட்டான்னா, நான் எதப் பாத்தேன்?"

எனக்கும் புரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு ஃபோர்மேனிடம் கேட்டேன். பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவர்; அந்தக் காலத்தில் ஒரு படம் விடாதவர். சிரித்துவிட்டார்.

"நீங்க எங்கன முடிவப் பாத்தீக? 'எம். புதுப்பட்டி கடைசி பஸ் புறப்படுகிறது'ன்னு திரையில சிலைடு போடுவானே, மறந்துட்டீகளா? பாதி கொட்டகை எந்திரிச்சு ஓடும். நம்மூருக்கு எல்லாப் படமும் பஸ்ஸோட முடிஞ்சிரும். முழுப் படம் பாத்தவன் நாரணாபுரத்துக்காரன்தான். அவன் நடந்தே வீட்டுக்குப் போயிருவான்."

சிலைடு எனக்கு நினைவு வந்தது. ஆனால் அந்தப் படத்தன்று ஓடினோமா? ஓடியிருந்தால் 'முடிவு நன்று' என்று எப்படி எழுதினேன்? 'சுபம்' போட்டதைக் கண்ணால் பார்த்ததாக அக்கா சத்தியம் செய்கிறாள். அது வேறு படத்தின் சுபமாக இருக்கலாம் என்றேன்; இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. நாரணாபுரம் நண்பர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் விவரித்த முடிவில் ஒரு ரயில் வந்தது. இந்தக் கதையில் ரயிலே கிடையாது. இணையத்தில் கிடைத்த பிரதி தொலைக்காட்சிக்காக வெட்டியது. வாசல் காட்சியே அதில் இல்லை.

ஞாயிறு காலை அக்கா கேட்டாள்.

"கண்டுபிடிச்சியா?"

"இல்லக்கா. இன்னும் நாலு பேர்ட்ட கேக்கணும்."

"நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள அந்த மனுசன் செத்துருவாரு" என்று போனை எடுத்தாள். "நாந்தான். சாப்பிட்டீகளா? நாளைக்கு வாரேன். பாக்கத்தான் வாரேன், இருக்க வரலை. அத மனசுல வச்சுக்கோங்க."

திங்களன்று போனாள். உள்ளே போய் உட்கார்ந்து, ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பி வந்தாள். அத்தான் மெலிந்துவிட்டார் என்றாள். மறுபடி போவாயா என்று கேட்டேன்.

"தெரியலலே" என்றாள்.

பழைய படத்தில் அந்தப் பெண் உள்ளே போனாளா, திரும்பினாளா என்பதை, இதை எழுதும் இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.